ஃபிரிட்ஜில் வைத்த பங்கு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு ரின்மீன் குடியிருந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை தயிர்ச் சட்டியை எடுக்கப் போனேன். சட்டிக்குப் பின்னால், மூடி பல்லிளித்தபடி, பாதி தின்ற மீனோடு ஒரு தகர ரின். உள்ளே கரண்டி வேறு. யார் வேலை என்று விசாரணை வைக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

"இஞ்ச பாருங்க... இது எப்ப உடைச்ச ரின்?"

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"பிரிட்ஜுக்குள்ளதானே கிடக்கு. என்ன அவசரம்?"

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் போன வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தி முழுவதையும் செலவழித்திருந்தேன். வாசித்திருப்பீர்கள். குருக்கள்மடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார் – திறந்த சாப்பாட்டுச் சாமான் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் கிடக்கும் என்று. கேட்டால் விடுவேனா? திறந்த ரின்மீனை ரின்னோடு வைக்காதீர்கள், மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றுங்கள், மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள் என்று எழுதினேன். சமைத்த சோறும் கறியும் அதே கணக்குத்தான், தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, ஆணம் என்றால் அதற்கும் முன்னாலேயே முடியுங்கள் என்றேன். மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கிற எல்லாமே நாறுவதில்லை என்றேன். சந்தேகமா... வீசுங்கள். அவ்வளவுதான்.

கூடவே ஒரு பெரிய வசனமும் போட்டிருந்தேன். ஃபிரிட்ஜ் சாப்பாட்டைக் காப்பாற்றும் பெட்டி அல்ல, பழுதாவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும் பெட்டி. எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்தேன்.

ஊரில் நாலு பேர் பாராட்டினார்கள். வீட்டில் இருக்கிற ஒரு வாசகர் மட்டும் வாசிக்கவில்லை போலிருக்கிறது.

ரின்னைக் கையில் பிடித்துக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கினேன். பாதியில் தொலைபேசி அடித்தது. வாகரையிலிருந்து செல்வி. இவருடைய மூத்த அக்கா பூமணிக்கு, அதாவது என் மச்சாளுக்கு, பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, பூமணியக்காவ ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்திரிக்கம். சத்தி எடுக்கிறா, வயித்தால போகுது. ஆள் விழுந்திட்டா. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்க."

ரின் கையிலிருந்து எங்கே போனது என்று தெரியாது. மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான் வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறேன் என்பதே தெரிந்தது.

பூமணி மச்சாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாகரையில் தனியாக இருக்கிறார். சுனாமி வந்த காலை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மச்சாளின் புருசனைக் கடல் கொண்டுபோனது. வீடும் போனது. மிஞ்சியது மச்சாளும் ஒரே மகன் சீலனும். கடலுக்குத் தள்ளி உள்ளுக்கு ஒரு சின்னக் கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதில் பால் காய்ச்சிக் குடிபுகுந்து நாலு நாள் நிம்மதியாக இருந்தார்களோ இல்லையோ, சண்டை வந்தது. வாகரைச் சனம் முழுக்கக் காட்டு வழியாக ஓடியது. அந்த ஓட்டத்தில் சீலன் காணாமல் போனான்.

இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மச்சாள் அவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாத படி இல்லை. முகாம்கள், அரசாங்கக் கந்தோர்கள், கோயில்கள்... பிறகு வடக்கிலும் சண்டை முடிந்தது. இனி வருகிறவர்கள் வருவார்கள் என்றார்கள். சிலர் வரத்தான் செய்தார்கள். அவர்களில் சீலன் இல்லை. எங்களோடு வந்து மட்டக்களப்பில் இருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டோம். ஒரே பதில்தான். "அவன் வந்தா எங்க தேடுவான்? அவனுக்கு இந்த வீட்டத்தானே தெரியும்."

போன வருசம் அந்தப் பக்கத்துக்குக் கறண்ட் வந்தது. நாங்கள் புது ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். பழையதை என்ன செய்வது? மச்சாளுக்கு என்று இவர் லொறியில் ஏற்றினார். சமையலறை மூலையில் நிமிர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டு, கடை வைத்திருப்பவர் மாதிரி ஒரு விளக்கமும் கொடுத்தார்.

"அக்கா, இதுக்குள்ள வெச்சா ஒண்டும் பழுதாகாது. பயப்பிடாம வெச்சுத் தின்."

மச்சாள் உள்ளே கையை விட்டுக் குளிரைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தின நாள் வெச்சாலும் கெடாதோ தம்பி?"

"கெடாதக்கா."

திரும்பி வரும் வழியில் இவர் சிரித்துக்கொண்டே சொன்னார் – தனி ஆளுக்கு என்ன பெரிய சமையல், அக்கா அதுக்குள்ள சீலைதான் மடிச்சு வைக்கப் போறா என்று. நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார் மச்சாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. கையில் சேலைன். இவ்வளவு மெலிந்த மனிசியா எங்கள் மச்சாள்? கோயில் திருவிழாவுக்குப் பார்த்தபோது இப்படி இருக்கவில்லையே.

டொக்டர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் மீனாணமும்தான் மகள்."

"எப்ப சமைச்ச மீன்?"

மச்சாள் மின்விசிறியைப் பார்த்தார். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இவ இப்பிடி வாறது முதல் தரமில்லை, தெரியுமா?"

தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று மச்சாள் தடுத்திருக்கிறார். இந்த வருசத்துக்குள் இது மூன்றாவது தரமாம்.

"உடம்பில தண்ணி வத்திப்போய்க் கொண்டு வந்தவை. சிறுநீரகமும் பாதிச்சிருக்கு. இந்த முறை தப்பிட்டா. இன்னொருக்கா இப்பிடி வந்தா நான் பொறுப்புச் சொல்ல மாட்டன். பழுதான எதையோ திரும்பத் திரும்பச் சாப்பிடுறா. கேட்டாச் சொல்றா இல்லை. வீட்டில போய்ப் பாருங்க."

பழுதானதை யாராவது திரும்பத் திரும்பச் சாப்பிடுவார்களா? அதுவும் மச்சாள்... மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்காமல் காசை அவிழ்க்காத மனிசி.

மாற்று உடுப்பு எடுத்து வருகிறேன் என்று வீட்டுப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். சீலைத் தலைப்பில் முடிந்திருந்தார். அவிழ்த்துத் தந்தவர் என் கையை விடவில்லை.

"உடுப்ப மட்டும் எடுங்க மச்சாள். பிரிட்ஜத் திறக்க வேணாம்."

இப்படிச் சொல்லி அனுப்பினால் எந்தப் பெண் திறக்காமல் வருவாள்?

செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. சட்டி பானை எல்லாம் கவிழ்த்து அடுக்கியிருந்தன. சமையலறை மூலையில் எங்கள் பழைய ஃபிரிட்ஜ், மேலே பூப்போட்ட துணி விரித்து... அதன் வயர் சுவரிலிருந்து கழற்றி அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

"இதென்ன செல்வி, கறண்ட் இல்லையா?"

"கறண்ட் இரிக்கு. பொழுதுபட்டா அவ கழட்டிருவா அக்கா. நாள் முழுக்க உழைக்கிற சாமானுக்கும் ஓய்வு வேணுமாம். விடியத்தான் மறுகா போடுவா. இண்டைக்கு விடியத்தானே ஆள் விழுந்திட்டா..."

ஒவ்வொரு நாளும் இரவு முழுக்க வாகரை வெக்கையில் நின்றுபோன ஃபிரிட்ஜா? அது ஃபிரிட்ஜ் இல்லை, கதவு வைத்த அலுமாரி. சோறும் மீனும் இரவில் பழுதாகி, பகலில் குளிர்ந்து, திரும்ப இரவில் பழுதாகி... நான் எழுதின மூன்று நாள் கணக்கு எல்லாம் நிற்காமல் ஓடுகிற ஃபிரிட்ஜுக்குத்தான். நிறுத்தி நிறுத்திப் போடும் பெட்டியில் மூன்று நாள் என்ன, ஒரு நாளே அதிகம். பத்தியில் இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. யாராவது ஃபிரிட்ஜுக்கு ஓய்வு கொடுப்பார்கள் என்று நான் கண்டேனா?

கதவைத் திறந்தேன்.

முகத்தில் அடித்த மணத்தைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் காலைச் சாப்பாட்டோடு இதை வாசிக்கலாம்.

உள்ளே சோற்றுக் கோப்பைகள். ஒவ்வொரு கோப்பைக்கு மேலும் இன்னொரு கோப்பை கவிழ்த்து மூடியிருந்தது. மேல்தட்டு நிறைய, நடுத்தட்டு நிறைய, மரக்கறி வைக்கும் பெட்டிக்குள்ளும். ஒன்றைத் திறந்தேன். சோறு, மணலை மீன் ஆணம், கீரை. பக்கத்தில் இருந்ததைத் திறந்தேன். சோறு, இறால், பருப்பு. அதற்குப் பின்னால் இருந்ததில் சோறு நூல் விட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததை முழுதாகத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தனி ஆளுக்கு எதற்கு இத்தனை?

எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரிப் போட்டிருந்தது. சோறு குவித்து, கறியை ஓரத்தில் விட்டு, நடுவில் ஒரு முழு அவித்த முட்டை. எல்லாவற்றிலும் முட்டை. முட்டை இல்லாமல் சோற்றில் கை வைக்காத ஒருவனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பான்.

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா அக்கா?" என்று செல்வி மெல்லக் கேட்டாள். "இஞ்ச எல்லாருக்கும் தெரியும். சோறு வடிச்சா முதல் பங்கு சீலனுக்கு. அதப் போட்டு மூடி வெச்சிற்றுத்தான் மத்த வேலை."

"அப்ப அவ என்ன தின்னுறா?"

"இதுக்குள்ள ஆகப் பழசு எதுவோ அத."

திரும்பக் கேட்டேன். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். சூடாக வடித்தது மகனுக்கு. மகன் வரவில்லை என்று பழசாகிப்போனது தாய்க்கு. மகனின் பங்கை நாய்க்குப் போடுவதா, குப்பையில் கொட்டுவதா? ஆகவே மச்சாளே தின்று தீர்த்திருக்கிறார். இந்த மனிசி கடைசியாகச் சூடான சோறு தின்றது எப்போது என்று யோசித்தேன். யோசிக்கவே பயமாக இருந்தது.

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்னாலும் பங்கு வைத்திருக்கிறார். ஆனால் அப்போது பொழுதுபட்டதும் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிடுவாராம். விடிந்ததும் பழஞ்சோறாகக் கரைத்துக் குடித்துவிடுவார். மீனையும் முட்டையையும் அன்றைக்கு இரவே தின்றுவிடுவார். அப்போது ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. பிறகு நாங்கள் போனோம், லொறியில் பெட்டியோடு. இதற்குள் வைத்தால் எத்தனை நாளும் கெடாது என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒரு நாள் பங்கு ஒரு வாரப் பங்காகியது. அதிலும் ஆகப் பழையது மச்சாளுக்கு.

உதவி செய்கிறோம் என்று போய் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

"படையல் மாதிரி எண்டு நினைக்காதீங்க" என்றாள் செல்வி. "புருசனுக்கு ஒவ்வொரு வருசமும் படைக்கிறாதானே. இந்தத் தெருவில ஒரு மனிசி சொல்லிற்றா, மகனுக்கும் ஒரு படையலப் போடு பூமணி, மனம் ஆறும் எண்டு. அண்டையிலிருந்து அந்த வீட்டு வாசல் மிதிக்கிறல்ல. படைக்கிறது செத்தவங்களுக்கு, இது என்ட புள்ளைக்கு வெச்ச பங்கு எண்டு சொல்லிற்றா."

சந்தேகமா, வீசுங்கள் என்று எழுதினவள் நான். இங்கே சந்தேகமே இல்லை. ஒரு வாளியை எடுத்தேன். முதல் கோப்பையைக் கையில் எடுத்தேன். முட்டை ஒரு பக்கம் உருண்டது. கை நின்றுவிட்டது.

"குப்பையில போடாதீங்க அக்கா. ஒருக்கா நான் ஒரு கோப்பையக் கழுவப் போய், அவ என்னோட எத்தின நாள் கதைக்கல்ல தெரியுமா?"

"அப்ப பின்னால குழி வெட்டிப் புதைப்பமா?"

செல்வியின் முகம் மாறியது. "அந்தச் சொல்ல இந்த வீட்டுக்குள்ள சொல்லாதீங்க."

வீச முடியாது. புதைக்க முடியாது. நாய்க்குப் போட முடியாது. சுனாமியும் சண்டையும் பார்த்த ஊர்களில், நிவாரணப் பருப்புக்கு வெயிலில் வரிசையில் நின்ற சனங்களுக்கு, வீசுங்கள் என்று எழுதுவது எவ்வளவு லேசான வேலை. மட்டக்களப்பில் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு எதையும் எழுதலாம்.

கோப்பையைத் திரும்ப உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தினேன். வயரை அவிழ்த்துச் சுவரில் குத்திச் சுவிட்சைப் போட்டேன். எதற்கு? எனக்கே தெரியாது. ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. உடுப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இவரிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அவர் பேசின பகிடிகளைத் தொகுத்தால் ஒரு புத்தகம் வரும். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு வசனம்.

"கெடாதெண்டு நான்தானே சொன்னன்."

பிறகு முற்றத்தில் இறங்கி, வேலியோரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை மச்சாளை விட்டார்கள். ஓட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் சொல்லி அனுப்பியதை வழி முழுக்க நான் ஒப்புவித்துக்கொண்டே வந்தேன். சுடச்சுடச் சாப்பிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜை நிறுத்தவே கூடாது... மச்சாள் எல்லாவற்றுக்கும் ஓம் மச்சாள், ஓம் மச்சாள் என்றார். எனக்குத் தெரியும். நாங்கள் திரும்பினதும் நடக்கப் போவது ஒன்றும் மாறாது. அடுத்த தொலைபேசி வரும்போது டொக்டர் பொறுப்புச் சொல்லப் போவதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் நேரே சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறந்தார். மச்சாளுக்குப் பதறிப்போனது. கட்டிலில் இருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

"அத மூடு தம்பி."

"அக்கா, அவன் இண்டைக்கு வந்து நிண்டா இதையா குடுக்கப் போறாய்?"

"இல்ல. கடைசியா வெச்சது முன்னால இரிக்கு. அதக் குடுப்பன்."

"அதுவும் இப்ப பழசுதானே. நான் பசியோட வந்தா உடன உல வெப்பாய். அவனுக்கு மட்டும் ஆறின சோறா?"

மச்சாள் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"உல கொதிக்கிற மட்டும் பொறுக்கச் சொல்லுவன் எண்டா நினைக்கிறாய்?"

எங்களுக்கு விளங்கவில்லை. மச்சாளே சொன்னார். இத்தனை வருசத்தில் எங்களிடம் சொல்லாத ஒன்று.

"அண்டைக்குக் காலையில உல வெச்சிருந்தன். வந்து நிண்டு கேட்டான், சோறாச்சா அம்மா எண்டு. முட்டையும் அவியுது, கொஞ்சம் பொறு மனே எண்டன். மறுகாலும் வந்து கேட்டான். பொறன்டா எண்டு ஏசினன். ஷெல் விழத் தொடங்கிற்று. அடுப்ப அப்பிடியே விட்டுட்டு ஓடினம். என்ட புள்ள ஒரு வாய் தின்னாமப் போனவன். இனி அவன் வந்து நிண்டு கேட்டா, பொறு எண்டு என்ட வாயால நான் சொல்ல மாட்டன். கதவத் துறந்தா சோறு இரிக்க வேணும்."

நான் சுவரைப் பார்த்தேன். எந்த டொக்டர் இதற்கு மருந்து எழுதுவார்? நான் எதை எழுதுவேன்?

இவர் ஃபிரிட்ஜின் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு விறுவிறு என்று வெளியே போனார். மனுசனுக்கு அழுகை வந்துவிட்டது என்று நினைத்தேன். சந்திக் கடையிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு கையில் ரின்மீன். வளையத்தைப் பிடித்து இழுத்தால் திறக்கிற வகை. மறு கையில் ஒரு பெரிய பிஸ்கட் பைக்கற்.

"இந்தா அக்கா. இதுக்கு உல வேணாம், அடுப்பு வேணாம், பிரிட்ஜும் வேணாம். கதவத் துறந்து உள்ளுக்கு வந்தானா, இத இழுத்து உடை. கையில குடு. பொறு எண்டு சொல்லத் தேவையில்ல. அவன் இதத் தின்னி முடிக்க முன்னம் சோறு கொதிச்சிடும், முட்டையும் அவிஞ்சிடும். சூடாப் போடு."

மச்சாள் ரின்னை வாங்கவில்லை.

"இவ்வளவு காலம் கழிச்சு வாறவனுக்கு ரின்மீனா குடுக்கிற?"

"அவனுக்கு அதுதானே உயிர். மறந்திட்டியா?"

மச்சாளின் முகத்தில் ஏதோ இளகியது.

"கோப்பையில போட்டுத் தா எண்டு கேக்கவே மாட்டான். ரின்னோடதான் தின்னுவான். பாதி தின்னிற்று, கரண்டியையும் அதுக்குள்ளயே விட்டுட்டு, சட்டி அடுக்குக்குப் பின்னால ஒளிச்சு வைப்பான்."

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே குணம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒளித்து வைத்த ரின்னுக்காகச் செவ்வாய்க்கிழமை நான் வைத்த பிரசங்கமும் நினைவுக்கு வந்தது.

"அப்ப இந்தச் சோறு?" என்று மச்சாள் ஃபிரிட்ஜைக் காட்டினார்.

"நீ சொல்றதச் செய்யிறன்."

மச்சாள் ஒவ்வொரு கோப்பையாகத் தானே எடுத்தார். நாங்கள் உதவப் போனோம், விடவில்லை. தானே வாளிக்குள் வழித்துப் போட்டார். முட்டைகள் விழும்போது மட்டும் கையால் ஏந்தி, சத்தமில்லாமல் உள்ளே வைத்தார்.

"ஆத்தில கொண்டு போய்க் கொட்டு தம்பி. அவன் வலை போட்ட இடத்தில. மீன் தின்னட்டும். குப்பையில போட்டுறாத."

இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கோப்பைகளைக் கழுவினேன். செல்வி அரிசி களைந்து வந்தாள். சோறு வடித்து, ஒரு முட்டை அவித்து, மச்சாளுக்கு முன்னால் சூடாக வைத்தோம். மச்சாளின் கை பழக்கத்தில் மூடுவதற்கு இன்னொரு கோப்பையைத் தேடியது. பிறகு நின்றது. ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தின்னுங்க மச்சாள். அவன் வந்து பாக்கும்போது நீங்க இரிக்க வேணுமே. நீங்க இல்லாத வீட்டில அவனுக்கு ஆர் ரின் உடைக்கிற?"

அதற்குப் பிறகுதான் முதல் வாயை எடுத்தார். சூடு பழக்கமில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அதற்குச் சிரித்தோம், அழுவதற்குப் பதிலாக.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு ரின்னைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அடியில் அச்சடித்திருந்த சின்ன எழுத்து தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீங்கதானே இதெல்லாம் எழுதுறீங்க. இது எத்தின நாளைக்குக் கிடக்கும் மச்சாள்?"

எனக்கு நன்றாக வரும் பாடம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"திறக்காம வெச்சா இன்னும் மூணு வருசம் கிடக்கும் மச்சாள்."

மச்சாள் என் கையிலிருந்து ரின்னை வாங்கினார். ஃபிரிட்ஜுக்குள் வைக்கவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரிச் சுவர்த் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டியையும் வைத்தார்.

"மூணு வருசமா?" என்றார். "அவ்வளவு காலம் என்னத்துக்கு?"

திறந்த சாமான் எத்தனை நாள் கிடக்கும் என்று கேளுங்கள், ஒரு பத்தி முழுக்க எழுதுவேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வரி கூட இல்லை.